பெற்றோர் அறியும் மொழியில்: அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்ட வரலாற்றில் மொழியும் உரிமையும்

1. முன்னுரை

மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்வி குறித்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1975ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பள்ளி எடுக்கும் முடிவுகளில் பெற்றோருக்கும் பங்குண்டு என்பதைத் தெளிவான நடைமுறைகளாக வகுத்தளித்தது. இச்சட்டம் பெரும்பாலும் கல்வியியல் நோக்கிலும் சட்டவியல் நோக்கிலும் பேசப்படுகிறது. எனினும் அதன் வரலாற்றை மொழியியல் நோக்கில் அணுகும்போது, மூன்று வினாக்கள் அதனூடே தொடர்ந்து எழுந்து வந்திருப்பதைக் காணலாம். குழந்தையின் அறிவை எந்த மொழியில் அளப்பது? பெற்றோருக்கு எந்த மொழியில் அறிவிப்பது? வகுப்பறையில் குழந்தைக்கு எந்த மொழியில் கற்பிப்பது? இம்மூன்று வினாக்களுக்கும் சட்டமும் நீதிமன்றங்களும் அளித்த விடைகளை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. இச்சட்டத்தைப் பொறுத்தவரை மொழிபெயர்ப்பு என்பது உரிமையின் ஓர் உறுப்பாகவே அமைந்துள்ளது. பள்ளி தன் விருப்பப்படி செய்யும் உதவியாக அது கருதப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கட்டுரையில் பழைய சட்டங்களையும் வழக்குகளையும் குறிப்பிடும் இடங்களில் 'மனவளர்ச்சி குன்றியோர்' போன்ற அக்காலச் சொற்கள் வரலாற்றுத் தேவை கருதியே ஆளப்பட்டுள்ளன.

2. ஆங்கிலம் அறியாமை அறிவுக்குறையாகக் கொள்ளப்பட்ட நிலை

1960களின் இறுதியில் கலிபோர்னியா மாநிலப் பள்ளிகளில் 'கற்பிக்கத்தக்க மனவளர்ச்சி குன்றியோர்' எனப் பெயரிடப்பட்ட தனி வகுப்புகள் நடைபெற்று வந்தன. நுண்ணறிவுச் சோதனையில் பெறும் ஈவே இவ்வகுப்புகளில் மாணவரைச் சேர்ப்பதற்குரிய முதன்மை அளவுகோலாக இருந்தது. சோதனைகள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. மெக்சிக்க வழியினரான ஸ்பானியக் குடும்பப்பெயர் கொண்ட மாணவர்கள், மொத்த மாணவர் தொகையில் தாம் பெற்றிருந்த விகிதத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் இவ்வகுப்புகளில் இடம்பெற்றிருந்தனர்.

மாண்டெரே மாவட்டத்தின் சொலடாட் என்னும் ஊரைச் சேர்ந்த ஒன்பது குழந்தைகளின் சார்பில் 1970இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 'டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம்' எனப் பெயர் பெற்றது. இக்குழந்தைகளின் வீட்டில் வழங்கிய மொழி ஸ்பானியம். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பயிற்சியுடைய உளவியலார் ஒருவர் அவர்களை மீண்டும் சோதித்தபோது, ஈவு சராசரியாக 15 புள்ளிகள் உயர்ந்தது. ஒன்பதின்மருள் எழுவர் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்பதற்குரிய வரம்பினைக் கடந்தனர். அக்குழந்தைகளின் அறிவில் இடையில் மாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. வினவப்பட்ட மொழியே மாறியது. முதற்சோதனை அளந்தது ஆங்கில அறிவையே என்பதும், அதன் முடிவே அறிவின் அளவாகப் பதிவு செய்யப்பட்டது என்பதும் இதனால் வெளிப்பட்டன.

வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. குழந்தையை அதன் முதன்மொழியிலும் ஆங்கிலத்திலும் சோதித்தல் வேண்டும். சொல்வளம், பொது அறிவு ஆகியவற்றை மட்டுமே நம்பிய பகுதிகளைத் தவிர்த்து, மொழி சாராச் சோதனைகளையும் பயன்படுத்துதல் வேண்டும். ஏற்கெனவே அவ்வகுப்புகளில் உள்ள மெக்சிக்க வழி, சீன வழி மாணவர்களை மறுசோதனைக்கு உட்படுத்துதல் வேண்டும் என்பன அவ்வுடன்பாட்டின் கூறுகள். 1972இல் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரப் பள்ளிகளைப் பற்றிய வழக்கும் இதே வழியில் உடன்பாட்டில் முடிந்தது. அவ்வழக்கில் மெக்சிக்க வழிக் குழந்தைகளுடன் யாக்கி என்னும் தொல்குடியினரின் குழந்தைகளும் இடம்பெற்றிருந்தனர்.

இவ்வழக்குகளில் பெற்றோரின் நிலை தனியே நோக்கத்தக்கது. தம் குழந்தை வேறு வகுப்பிற்கு மாற்றப்படுவதன் பொருளைப் பெற்றோர் அறிந்திருந்தால் மட்டுமே அதனை மறுத்துரைக்க இயலும். பள்ளி அனுப்பும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்க, வீட்டில் வழங்குவது ஸ்பானியமாக இருப்பின், மறுப்பதற்குரிய வாய்ப்பே தோன்றுவதில்லை. குழந்தையைத் தவறாக அளந்த அதே மொழி, பெற்றோரையும் வாய்திறவாதவராக்கிவிடும் ஆற்றல் உடையதாக இருந்தது.

3. அறிவிப்பும் விசாரணையும்: 1971-1972

மொழிச் சிறுபான்மையினரின் வழக்குகளுக்கு இணையாக, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் நடத்திய வழக்குகளும் நிகழ்ந்தன. பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் வகுப்பில் சேரும் வேளையில் ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சியை எய்தாத குழந்தைக்குப் பள்ளி இடம் மறுக்கலாம் என அம்மாநிலச் சட்டம் இடமளித்திருந்தது. பெற்றோர் சங்கம் ஒன்று இதனை எதிர்த்து 1971இல் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, எந்தக் குழந்தையின் கல்வி நிலையையும் மாற்றுவதற்கு முன் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்புதலும் விசாரணைக்கு வாய்ப்பளித்தலும் கட்டாயமாயின. 1972இல் கொலம்பியா மாவட்டத்தில், அதாவது தலைநகர் வாஷிங்டனில், மில்ஸ் வழக்கில் நீதிபதி ஜோசப் வாடி இதனை மேலும் விரிவுபடுத்தினார். நிதிப் பற்றாக்குறை என்ற காரணத்தைக் கல்வி வாரியம் முன்வைத்தபோது, பற்றாக்குறையின் சுமை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின்மீது மட்டும் கூடுதலாக விழலாகாது என அவர் தீர்ப்பளித்தார்.

அறிவிப்பும் விசாரணையும் மொழிவழி நிகழ்வன. அறிவிப்பு என்பது படிக்கப்படும் உரை. விசாரணை என்பது பேசப்படும் உரை. இவ்விரண்டையும் உரிமையாக்கியவுடன், 'எம்மொழியில்' என்ற வினா தானே எழுந்தது. 1974 சனவரியில் உச்ச நீதிமன்றம் 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வினாவிற்கு வலுவூட்டியது. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீன வழி மாணவர்கள் மொழியுதவி ஏதுமின்றி ஆங்கில வகுப்புகளில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் எல்லோருக்கும் அளித்துவிடுவதனால் மட்டும் சமநிலை ஏற்பட்டுவிடாது என நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு கூறியது.

4. 1975ஆம் ஆண்டுச் சட்டமும் மொழி சார்ந்த விதிகளும்

1975 நவம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட 'ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்குமான கல்விச் சட்டம்', நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் உள்ளனர் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வியைப் பெறவில்லை என்றும், 10 இலட்சம் பேர் பொதுப்பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே உள்ளனர் என்றும் தன் முன்னுரைப் பகுதியிலேயே பதிவு செய்தது. கட்டணமற்ற, பொருத்தமான பொதுக்கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்றும், அதற்கெனத் தனிநபர் கல்வித் திட்டம் எழுத்து வடிவில் வகுக்கப்படுதல் வேண்டும் என்றும், அத்திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் பெற்றோர் இடம்பெறுதல் வேண்டும் என்றும் சட்டம் விதித்தது. பள்ளியின் முடிவை ஏற்காத பெற்றோர் நடுநிலையான விசாரணையைக் கோரலாம்; அதன் பின்னர் நீதிமன்றத்தையும் நாடலாம்; வழக்கு முடியும்வரை குழந்தை இருந்த இடத்திலேயே கல்வியைத் தொடரலாம்.

சட்டத்திலும், 1977இல் வெளியான ஒழுங்குவிதிகளிலும் மொழி நான்கு இடங்களில் பேசப்படுகிறது. அவை ஒவ்வொன்றின் சொல்லமைப்பும் வேறுபடுவதால் தனித்தனியே காணுதல் தகும்.

முதலாவது, சோதனையின் மொழி. சோதனைகள் இன, பண்பாட்டுப் பாகுபாடு அற்றனவாகவும், குழந்தையின் சொந்த மொழியிலோ அதன் கருத்துப் பரிமாற்ற முறையிலோ நடத்தப்படுவனவாகவும் இருத்தல் வேண்டும். ஆயின் 'அவ்வாறு செய்வது தெளிவாகவே இயலாதது எனில்' இவ்விதி விலக்கப்படும்.

இரண்டாவது, அறிவிப்பின் மொழி. குழந்தையை மதிப்பிடவோ இடம் மாற்றவோ பள்ளி முனையும்போதும், பெற்றோர் கேட்டதை மறுக்கும்போதும், எழுத்து வடிவிலான முன்னறிவிப்பு பெற்றோரின் சொந்த மொழியில் தரப்படுதல் வேண்டும். இதற்கும் அதே விதிவிலக்கு உண்டு. அறிவிப்பு பொதுமக்களுக்குப் புரியும் நடையில் அமைதல் வேண்டும் என்பதையும் ஒழுங்குவிதி சேர்த்துரைக்கிறது. பெற்றோரின் மொழி எழுத்து வடிவம் இல்லாததாயின், அறிவிப்பு வாய்மொழியாகவோ பிற வழியிலோ பெயர்த்துக் கூறப்படுதல் வேண்டும்; பெற்றோர் அதன் உள்ளடக்கத்தைப் புரிந்துகொண்டனர் என்பது உறுதிப்படுத்தப்படுதல் வேண்டும்; இவை நிறைவேற்றப்பட்டமைக்கு எழுத்துச் சான்று வைக்கப்படுதல் வேண்டும். எழுத்தில்லா மொழிகளைப் பேசுவோரையும் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்ட விதி என்ற முறையில் இது மொழியியலாரின் தனிக் கவனத்திற்கு உரியது.

மூன்றாவது, கூட்டத்தின் மொழி. கல்வித் திட்டக் கூட்டத்தின் நடவடிக்கைகளைப் பெற்றோர் புரிந்துகொள்வதற்குத் தேவையான செயல் எதுவாயினும் அதனைப் பள்ளி நிருவாகம் செய்தல் வேண்டும். காதுகேளாத பெற்றோருக்கும் ஆங்கிலம் அல்லாத மொழியினருக்கும் வாய்மொழிப் பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தலும் அதனுள் அடங்கும்.

நான்காவது, இசைவின் மொழி. தொடர்புடைய செய்திகள் அனைத்தும் தம் சொந்த மொழியிலோ பிற கருத்துப் பரிமாற்ற முறையிலோ முழுமையாக அறிவிக்கப்பட்ட பின்னர், அவற்றைப் புரிந்துகொண்டு, பெற்றோர் எழுத்து வடிவில் தம் விருப்பத்தின்படி உடன்படுவதே இசைவு என ஒழுங்குவிதி வரையறுக்கிறது.

இந்நான்கனுள் முதல் இரண்டிற்கு மட்டுமே 'இயலாதது எனில்' என்னும் விதிவிலக்கு உண்டு. கூட்டத்திற்கும் இசைவிற்கும் அவ்விலக்கு இல்லை. இவ்வேறுபாடு நடைமுறையில் பெரும் விளைவினை உடையது. மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று கூறி ஆங்கிலத்திலேயே அறிவிப்பை அனுப்பிவிட ஒரு பள்ளி முயலக்கூடும். ஆனால் அவ்வறிவிப்பின் அடியில் பெற்றோர் இடும் கையொப்பம் இசைவு ஆகாது. முதல் மதிப்பீட்டிற்கு இசைவு தேவையாதலால், பெற்றோரின் மொழியைத் தவிர்த்துவிட்டுச் சிறப்புக் கல்வியின் வாயிலை முறையாகக் கடக்க இயலாது. வரையறைக்குள்ளேயே மொழியைப் பொருத்தி வைத்தமை இச்சட்ட வரைவின் நுட்பம் எனலாம். பெற்றோர் அறியா மொழியில் பெறப்பட்ட உடன்பாட்டைக் குறைபாடுள்ள இசைவாகக்கூட இவ்வரையறை ஏற்பதில்லை; அதனை இசைவே அன்று என ஒதுக்கிவிடுகிறது.

5. 'சொந்த மொழி' யாருடைய மொழி?

இவ்விதிகளில் வரும் 'சொந்த மொழி' என்னும் தொடரைத் தமிழில் 'தாய்மொழி' எனப் பெயர்ப்பது எளிது, ஆனால் பொருந்தாது. இருமொழிக் கல்விச் சட்டத்திலிருந்து பெறப்பட்ட வரையறையின்படி, ஒருவர் இயல்பாகப் பயன்படுத்தும் மொழியே அவருடைய சொந்த மொழி. குழந்தையாயின், அதன் பெற்றோர் இயல்பாகப் பயன்படுத்தும் மொழி. இங்குப் பிறப்போ மரபோ பேசப்படவில்லை, வழக்கே பேசப்படுகிறது.

குழந்தையின் மொழியைப் பெற்றோரின் மொழியாகக் கொள்ளும் இவ்வரையறை இரு சூழல்களில் இடர்ப்படுகிறது. குடியேறிய குடும்பங்களில் குழந்தை பள்ளியிலும் தெருவிலும் ஆங்கிலத்தையே பேசி வளர்ந்திருக்கலாம். கேட்கும் திறனுடைய பெற்றோருக்குப் பிறந்த காதுகேளாத குழந்தைக்கோ, பெற்றோரின் மொழி எட்டாமலே இருக்கலாம். சைகைமொழியே அதன் மொழியாக இருக்கலாம். இவ்விடரை உணர்ந்த ஒழுங்குவிதி வரைவாளர்கள், குழந்தையோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும்போது, பெற்றோரின் மொழியினின்று அது வேறுபட்டாலும், குழந்தை இயல்பாகப் பயன்படுத்தும் மொழியே கொள்ளப்படும் என 1977இல் விளக்கக் குறிப்பு எழுதினர். 1999இல் இது விதியின் பகுதியாகவே ஆக்கப்பட்டது. காதுகேளாதோர், பார்வையற்றோர், எழுத்து மொழி இல்லாதோர் ஆகியோருக்குச் சைகைமொழி, பிரெயில், வாய்மொழி போன்ற முறைகளே மொழியின் இடத்தைப் பெறும் என்பதும் அவ்விதியில் இடம்பெற்றது. ஒரே குழந்தையைப் பற்றிய நடவடிக்கையில் பெற்றோரின் மொழி ஒன்றாகவும் குழந்தையின் மொழி வேறாகவும் பள்ளியின் மொழி மூன்றாவதாகவும் இருக்கலாம் என்பதைச் சட்டம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

6. ரௌலி வழக்கு: வகுப்பறையின் மொழி

மூன்றாவது வினாவாகிய வகுப்பறை மொழி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது 1982இல். நியூயார்க் மாநிலத்தின் பீக்ஸ்கில் பகுதியைச் சேர்ந்த ஏமி ரௌலி காதுகேளாத சிறுமி. அவருடைய பெற்றோரும் காதுகேளாதவர்கள். பெற்றோருடன் தொடர்புகொள்வதற்காகப் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் தட்டச்சுத் தொலைபேசிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. நிருவாகத்தினர் சிலர் சைகைமொழி வகுப்பிற்கும் சென்றனர். பெற்றோருக்கு அறிவிக்கும் கடமையைப் பள்ளி நிறைவேற்றியது. சிறுமிக்கு ஒலிபெருக்கும் செவிக்கருவியும் தரப்பட்டது. பெற்றோர் கேட்டது வேறு: பாட வகுப்புகள் அனைத்திலும் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

வகுப்பில் பேசப்படுவனவற்றுள் 59 விழுக்காட்டையே ஏமியால் இனங்காண முடிந்தது என்பதும், எனினும் அவர் வகுப்பின் சராசரிக்கு மேலாகவே தேர்ச்சி பெற்று வந்தார் என்பதும் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளன. மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெற்றோர் பக்கமே நின்றன. உச்ச நீதிமன்றம் 1982 ஜூன் 28 அன்று, ஆறுக்கு மூன்று என்ற பிரிவில், அம்முடிவை மாற்றியது. நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின்படி, கல்வித் திட்டம் குழந்தைக்குக் கல்விப் பயன் கிட்டும் வகையில் வகுக்கப்பட்டிருந்தால் போதும்; குழந்தையின் ஆற்றல் முழுவதும் வெளிப்படும் வண்ணம் அமைதல் வேண்டும் என்று சட்டம் கோரவில்லை. வகுப்பறைப் பேச்சில் ஐந்தில் இரு பகுதி ஒரு மாணவியைச் சென்றடையாத நிலையும் சட்டத்திற்கு இயைந்ததே என்பது இத்தீர்ப்பின் விளைவாயிற்று.

பெற்றோருக்காக வாதாடிய மைக்கேல் சாட்டஃப் காதுகேளாதவர். உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய காதுகேளாத முதல் வழக்கறிஞர். நீதிபதிகளின் வினாக்கள் உடனுக்குடன் எழுத்தாக்கப்பட்டுக் கணினித் திரையில் அவருக்குக் காட்டப்பட்டன. வழக்கறிஞருக்குப் பேச்சு முழுவதையும் கண்ணுக்குப் புலனாக்கித் தந்த நீதிமன்றம், அதற்கு ஒப்பான வாய்ப்பை வகுப்பறையில் மாணவிக்குரிய உரிமையாகக் காணவில்லை. பிற்காலத்தில் ஏமி ரௌலி அமெரிக்கச் சைகைமொழிப் பேராசிரியரானார்.

7. திருத்தங்கள்: 1990 முதல் 2004 வரை

1990ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் பெயரையே மாற்றியது. 'ஊனமுற்ற குழந்தைகள்' என்ற தொடர் நீங்கி, குழந்தையை முன்னும் குறைபாட்டைப் பின்னும் வைக்கும் 'குறைபாடுகளையுடைய குழந்தைகள்' என்ற பொருள்பட்ட தொடர் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. பெயரடை பெயருக்கு முன்னரே வரும் தமிழ்த் தொடரமைப்பில் இம்முன்பின் மாற்றத்தைக் காட்டுவது அரிது. தமிழில் அம்மாற்றம் 'மாற்றுத்திறனாளி' என்ற புதுச்சொல்லாக்கத்தின் வழியே நிகழ்ந்தது. 2010இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் கூட்டாட்சிக் கல்வி, உடல்நலச் சட்டங்களிலிருந்து 'மனவளர்ச்சிக் குறை' என்ற தொடரை நீக்கி 'அறிவுசார் குறைபாடு' என்ற தொடரை இட்டது.

1997ஆம் ஆண்டுத் திருத்தம் மொழி சார்ந்த விதிகளைப் பெரிதும் வளர்த்தது. ஆங்கிலத் திறன் குறைந்திருத்தலையே அடிப்படையாகக் கொண்டு ஒரு குழந்தையைக் குறைபாடுடையதாக அறிவிக்கலாகாது என்பது சட்டத்திலேயே இடம்பெற்றது. டயானா வழக்கு எழுப்பிய குறைக்கு 27 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு நாடு தழுவிய விதி கிடைத்தது. காதுகேளாத குழந்தையின் திட்டத்தை வகுக்கும்போது, தன் மொழியிலேயே உடன்பயில்வோருடனும் ஆசிரியருடனும் நேரடியாக உரையாடும் வாய்ப்பு அதற்கு உண்டா என்பதைக் கருதுதல் வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. பெற்றோரின் உரிமைகள் அனைத்தையும் விளக்கும் ஏடு, அவர்களின் மொழியில், எளிதிற் புரியும் வகையில் தரப்படுதல் வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. ஆயின் மாநிலங்கள் வழங்கும் இவ்வேடுகளின் ஆங்கில வடிவங்களுள் பாதிக்கு மேற்பட்டவை கல்லூரி நிலை வாசிப்புத்திறனை வேண்டுவன என 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மூலமே கடினமாயிருப்பின், அதன் மொழிபெயர்ப்பு எளிமையாக அமைதல் அரிது.

2004ஆம் ஆண்டுத் திருத்தம் சோதனையின் மொழி பற்றிய தொடரை மாற்றியமைத்தது. 'சொந்த மொழி' என்பதற்கு மாறாக, குழந்தை அறிந்திருப்பதையும் செய்யவல்லதையும் மிகச் சரியாகக் காட்டக்கூடிய மொழியிலும் வடிவிலும் சோதனை நடத்தப்படுதல் வேண்டும் என அது கூறியது. இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்துவது. அதே வேளையில் 'தெளிவாகவே இயலாதது' என்றிருந்த விதிவிலக்கு, சட்டத்தில் 'இயலாதது' என்று மட்டும் நின்றது. 2006இல் வெளியான ஒழுங்குவிதியில் 'தெளிவாகவே' என்னும் வினையடை மீண்டும் இடம்பெற்றது. ஒரு வினையடையின் இருப்பு, பள்ளி காட்டவேண்டிய காரணத்தின் வலிமையை மாற்றுகிறது. 'தெளிவாகவே' என்பது இருப்பின், பெயர்ப்பாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதைப் பள்ளி ஐயத்திற்கிடமின்றிக் காட்ட வேண்டியிருக்கும். அது இல்லையெனில் வசதிக்குறைவும் காரணமாகக் காட்டப்படலாம்.

8. உரிமையின் விலை: 2005-2017

புதிய நூற்றாண்டின் தீர்ப்புகள் பெற்றோர் உரிமையின் எல்லையை ஒருபுறம் சுருக்கின, மறுபுறம் விரித்தன. 2005இல் ஷாஃபர் வழக்கில், கல்வித் திட்டம் பொருத்தமற்றது என்று கூறி விசாரணை கோருபவரே அதனை மெய்ப்பிக்கும் பொறுப்புடையவர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை கோருவோர் பெரும்பாலும் பெற்றோரே. 2006இல் மர்ஃபி வழக்கில், வென்ற பெற்றோரும் தாம் அமர்த்திய வல்லுநர்க்குக் கொடுத்த கட்டணத்தைப் பள்ளியிடமிருந்து பெற இயலாது எனத் தீர்ப்பாயிற்று. ஆங்கிலம் அறியாத பெற்றோருக்கு இவ்விரு தீர்ப்புகளும் இரட்டைச் சுமையாயின. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பள்ளிப் பதிவுகளைக் கொண்டே பள்ளியின் குறையை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

2007இல் விங்கில்மன் வழக்கின் தீர்ப்பு வேறு திசையில் சென்றது. ஓகையோ மாநிலத்துப் பெற்றோர் வழக்கறிஞரின்றித் தாமே வாதாட முற்பட்டபோது, இச்சட்டத்தின் உரிமைகள் குழந்தைக்கு மட்டும் உரியன அல்ல, பெற்றோருக்கும் தனித்து உரியன என நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு கூறியது. 2017இல் எண்ட்ரூ வழக்கில், குழந்தையின் நிலைமைக்கு ஏற்ற முன்னேற்றத்தை அது எய்தும் வகையில் திட்டம் அமைதல் வேண்டும் என ஒருமித்த தீர்ப்பு வெளிவந்தது; ரௌலி தீர்ப்புக்குக் கீழ்நிலை நீதிமன்றங்கள் சில கண்ட மிகக் குறுகிய பொருள் இதனால் விலக்கப்பட்டது.

9. பெரெஸ் வழக்கு

தொடக்கத்தில் குறித்த மூன்று வினாக்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடமாக 2023 மார்ச் 21இல் தீர்க்கப்பட்ட பெரெஸ் வழக்கைக் கருதலாம். காதுகேளாத மாணவரான பெரெஸ் ஒன்பதாம் வயதில் மெக்சிகோவிலிருந்து குடியேறியவர். மிச்சிகன் மாநிலத்துப் பள்ளியில் 20 வயதுவரை பயின்றார். வகுப்பறைப் பாடத்தைச் சைகைமொழியில் பெயர்த்துரைக்க அமர்த்தப்பட்ட உதவியாளர்கள் தகுதியற்றவர்களாகவோ பலமணி நேரம் வகுப்பில் இல்லாதவர்களாகவோ இருந்தனர் என்றும், உயர்த்தப்பட்ட மதிப்பெண்களை வழங்கி ஆண்டுதோறும் மேல்வகுப்பிற்கு அனுப்பியதால் மகன் நன்கு பயில்கிறான் எனப் பெற்றோர் நம்பினர் என்றும் வழக்கில் கூறப்பட்டது. பட்டமளிப்பிற்குச் சில திங்கள் முன்னரே, பட்டயம் கிடைக்காது என்ற செய்தி குடும்பத்திற்குத் தெரிவிக்கப்பட்டது.

நிருவாக நிலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, காதுகேளாதோர் பள்ளியில் கூடுதல் கல்வியும், மாணவருக்கும் குடும்பத்தினருக்கும் சைகைமொழிப் பயிற்சியும் அளிக்கப் பள்ளி இசைந்தது. கடந்துபோன ஆண்டுகளுக்கு இழப்பீடு கோரி வேறொரு சட்டத்தின்கீழ் வழக்காடவும் அவருக்கு உரிமையுண்டு என உச்ச நீதிமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

குடும்பத்தினருக்கும் சைகைமொழிப் பயிற்சி என்ற உடன்பாட்டுக் கூறு சிந்தனைக்குரியது. மகனோடு சைகைமொழியில் விரிவாக உரையாட இயலாத வீட்டில், பள்ளியில் நடப்பதை அவன் வாயிலாக அறிதலும் அரிது. அந்நிலையில் பள்ளி அனுப்பும் மதிப்பெண் பட்டியலே பெற்றோரின் ஒரே அறிவிப்பாகிறது. எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஆயின் அவை உண்மையைக் கூறாதபோது, அதனை அறிந்துகொள்ளவும் மொழியின்றி வழியில்லை.

10. மொழிபெயர்ப்பாளர் பணியும் முடிவுரையும்

2022-23ஆம் பள்ளியாண்டில் இச்சட்டத்தின்கீழ்ச் சிறப்புக் கல்வி பெற்றோர் ஏறத்தாழ 75 இலட்சம் பேர். இத்தொகையினரின் பெற்றோருக்கு அறிவிப்புகளைப் பெயர்த்துத் தருவோரின் பொறுப்பு சிறிதன்று. கல்வித் திட்டத்தைப் பெயர்ப்பாளர் உதவியுடன் கூட்டத்தில் பேசவேண்டும் என விதிக்கும் இச்சட்டம், திட்ட ஏட்டையே எழுத்து வடிவில் பெயர்த்துத் தரவேண்டும் என வெளிப்படையாக விதிக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் வீட்டில் வைத்துப் படிக்கவேண்டிய ஏடு ஆங்கிலத்திலேயே நின்றுவிடும் நிலைக்கு இவ்விடைவெளி இடமளிக்கிறது.

சொற்றேர்விலும் உரிமை அடங்கியுள்ளது. 'ஒப்புதல்' என்னும் தமிழ்ச் சொல் ஏற்பையும் குறிக்கும். ஏட்டைப் பெற்றுக்கொண்டமையையும் குறிக்கும். 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்கு இடும் கையொப்பமும் 'உடன்படுகிறேன்' என்பதற்கு இடும் கையொப்பமும் ஒரே சொல்லால் சுட்டப்படின், உடன்படாத பெற்றோரும் உடன்பட்டவராகப் பதிவாகிவிடுவர். 'இசைவு', 'பெறுகை' எனப் பிரித்துரைத்தல் இங்குத் தேவையாகிறது. அவ்வாறே 'மதிப்பீடு' என்பதைத் 'தேர்வு' எனப் பெயர்த்தால், குழந்தை தேறினால் போதும் எனப் பெற்றோர் கருதக்கூடும். குழந்தையின் வகுப்பை மாற்றக்கூடிய நடவடிக்கை அது என்பதை உணராமற் போகக்கூடும்.

ஆங்கிலத் திறன் குறைந்தோருக்கு அரசுப் பணிகள் கிட்டுதல் வேண்டும் என 2000ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட நிருவாக ஆணை, ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவித்த 2025 மார்ச் 1ஆம் நாள் ஆணையால் நீக்கப்பட்டது. நிருவாக ஆணைகள் வரும், போகும். ஆனால் அறிவிப்பின் மொழி சட்டத்தின் வாசகத்திலும், இசைவின் மொழி ஒழுங்குவிதியின் வரையறையிலும் எழுதப்பட்டுள்ளமையால், அவை அவ்வாணையால் தாமே மறைந்துவிடவில்லை. 1970இல் சொலடாட் நகரக் குழந்தைகளைப் பற்றிய வழக்கிலிருந்து 2023இல் பெரெஸ் வழக்குவரை காணப்படும் உண்மை ஒன்றே. குழந்தையின் அறிவைப் பற்றிப் பள்ளி கூறும் முடிவு, குழந்தையும் பெற்றோரும் அறிந்த மொழியில் எட்டப்பட்டாலன்றி நம்பத்தக்கதாவதில்லை. அம்மொழிக்குப் பெயர்த்துத் தருவோர் பள்ளியின் வாயிலில் நிற்கும் உதவியாளர் மட்டும் அல்லர். இசைவு என்பது இசைவாவதற்கே அவர்கள் தேவைப்படுகின்றனர்.